நோன்பு முடிந்த பிறகும், மாலை கழற்றிய பிறகும்: புகையை நிரந்தரமாக விட ஒரு பாடம்

ரமலான் மாதத்தில் மேல்விஷாரத்தின் ஒரு சாயங்கால நேரம். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி தயாராக இருக்கிறது. பாங்கு சொல்வதற்காக எல்லோரும் காத்திருக்கிறார்கள். அதில் சிலருடைய மனசு பேரீச்சம்பழத்திலும் தண்ணீரிலும் மட்டும் இல்லை. சட்டைப் பையில் இருக்கும் பீடிக் கட்டிலும் இருக்கிறது. சஹர் முடித்ததில் இருந்து சுமார் 13 மணி நேரம் ஒரு இழுப்புகூட இல்லாமல் தோல் கம்பெனியிலும் ஷூ கம்பெனியிலும் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் அவர்கள்.

கார்த்திகை மாதத்திலும் இதே கதைதான். ஆற்காடு, ராணிப்பேட்டை, வாலாஜா பக்கம் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் ஒரு மண்டலம் முழுக்க சிகரெட்டைத் தொட மாட்டார்கள். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றினதும், அன்றைக்கே டீக்கடை வாசலில் பழைய இடத்தில் நிற்பார்கள்.

யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நல்ல செய்தி ஒன்று இதற்குள் ஒளிந்திருக்கிறது. "என்னால விடவே முடியாதுங்க" என்று சொல்கிறவர்களில் எத்தனையோ பேர் வருஷா வருஷம் விட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நிறுத்த அவர்களுக்குத் தெரியும். திரும்ப ஆரம்பிக்காமல் இருப்பதுதான் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம். அதற்கான உதவி, இந்த இதழை நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் அதே போனில் இலவசமாகக் கிடைக்கிறது.

ஏக்கம் எப்படி வேலை செய்கிறது?

ஒரு இழுப்பு இழுத்ததும் புகையில் இருக்கும் நிகோடின் சுமார் 10 விநாடிகளில் மூளைக்குப் போய்ச் சேர்கிறது. கொஞ்ச நேரம் இதமாக இருக்கும். ரத்தத்தில் இருக்கும் நிகோடின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். உடனே மூளை "இன்னொன்னு குடு" என்று கேட்க ஆரம்பிக்கும். எரிச்சல், படபடப்பு, கவனம் சிதறுவது எல்லாம் அப்போது வருகிறவைதான். "டென்ஷனுக்காக ஒரு தம் அடிக்கிறேன்" என்று நாம் சொல்கிறோம். அந்த டென்ஷனில் ஒரு பங்கை உண்டாக்கியதே முந்தின பீடிதான்.

முழுசாக நிறுத்தினால் இந்த அவஸ்தை முதல் 2, 3 நாட்களில் உச்சத்துக்குப் போகும். அதன்பிறகு படிப்படியாகக் குறைந்து, பெரும்பாலானவர்களுக்கு 2 முதல் 4 வாரங்களில் தணிந்துவிடும். மாலை போட்டவரைப் பாருங்கள். ஒரு மண்டலம் முடியும்போது அவருடைய உடம்பு நிகோடின் கேட்பதை ஏறக்குறைய விட்டிருக்கும். கஷ்டமான பகுதியைக் கடந்து வந்துவிட்டார். அப்புறமும் ஏன் பற்றவைக்கிறார்? "கெடு முடிஞ்சிடுச்சு" என்று மனசு சொல்கிறது. அவ்வளவுதான்.

இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. இஸ்ரேலைச் சேர்ந்த ஆய்வாளர்கள் புகைப்பழக்கம் உள்ள விமானப் பணியாளர்களிடம், பயணத்தின் நடுவே ஏக்கம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். அது 2010-ல் வெளியானது. சில பயணங்கள் 3 முதல் 5 மணி நேரம் வரை. சில பயணங்கள் 8 மணி நேரத்துக்கும் மேல். எந்தப் பயணமாக இருந்தாலும், விமானம் இறங்கும் நேரம் நெருங்க நெருங்கத்தான் ஏக்கம் ஏறியது. குறுகிய பயணத்தின் முடிவில் இருந்த ஏக்கம், நீண்ட பயணத்தில் அதே அளவு நேரம் கழிந்தபோது இருந்ததைவிட அதிகம். கடைசி சிகரெட் முடிந்து எவ்வளவு நேரம் ஆச்சு என்பதைவிட, அடுத்தது எப்போ கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு பலமாக வேலை செய்தது.

நோன்பு வைத்தவருக்கும் மதியம் 12 மணியைவிட சாயங்காலம் 6 மணிக்கு மனசு அலைபாய்வது இதனால்தான். முடிவு நேரம் என்று ஒன்று இருந்தால், ஏக்கம் அதை நோக்கி வளரும். "நிரந்தரமாக" என்று முடிவு செய்தவருக்கு அப்படி ஒரு நேரமே இல்லை. அதனால் "இனி எப்பவும் இல்லை" என்ற முடிவு, கேட்கப் பெரிய சுமையாகத் தெரிந்தாலும், நாளாக நாளாக "ஒரு மாசத்துக்கு இல்லை" என்பதைவிடச் சுலபமாகிவிடும்.

விட்டால் என்ன கிடைக்கும்? நம்ம ஊர்க் கணக்கு

நம் மாநிலத்திலேயே செய்த பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் கஜலட்சுமியும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும், சென்னை நகரத்திலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்துபோன சுமார் 43,000 ஆண்களின் விவரங்களை, உயிருடன் இருக்கும் சுமார் 35,000 ஆண்களின் விவரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அது 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. 25 முதல் 69 வயது வரையுள்ள ஆண்களில், நோயால் இறக்கும் விகிதம் புகைத்தவர்களுக்கு, புகைக்காதவர்களைப் போல இரண்டு மடங்கு இருந்தது. காசநோயால் இறப்பது நான்கு மடங்குக்கும் மேல்.

25 முதல் 69 வயது என்பது சம்பாதிக்கிற வயது. பிள்ளைகளைப் படிக்கவைத்து, கல்யாணம் செய்துவைக்கிற வயது. அதனால் இந்த நஷ்டம் ஒரு ஆளோடு நின்றுவிடுவதில்லை.

"புகைன்னா கேன்சர்தானே, அது யாருக்கோ வரும்" என்று நினைப்பவர்கள் காசநோயை மறந்துவிடுகிறார்கள். உங்களுக்கு 2 வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், "இது பீடி இருமல்தான்" என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். காசநோய் என்று தெரிந்தால் மாத்திரையும் இலவசம்.

தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். நம் மூச்சுக்குழாயின் உட்புறத்தில் மெல்லிய மயிரிழைகள் உண்டு. உள்ளே போகும் தூசியைச் சளியோடு சேர்த்து மேலே தள்ளி வெளியேற்றுவது அவற்றின் வேலை. புகை அந்த இழைகளை முடக்கிவிடும். தோலைத் தேய்த்து மெருகேற்றும் இடத்திலும், ஷூ அடிப்பாகத்தை உராயும் இடத்திலும் தூசி பறக்கும். தோல் தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. தூசி உள்ள இடத்தில் வேலை பார்ப்பவருக்கு அந்தத் துடைப்பம் மற்றவர்களைவிட அதிகமாகத் தேவை. புகை முதலில் பறிப்பது அதைத்தான்.

பீடி பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. "சிகரெட்டை விட்டுட்டேன், இப்ப பீடிதான். சின்னது, இலையில சுத்துனது, அவ்வளவா கெடுதல் இல்லை" என்பார்கள். பீடி இலை சரியாக எரியாது. அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். அதனால் சின்னப் பீடியாக இருந்தாலும், சிகரெட்டுக்குக் குறையாத நிகோடினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் நெஞ்சுக்குள் போகின்றன.

இனி நல்ல பக்கத்தைப் பார்க்கலாம். கடைசி பீடிக்குப் பிறகு 20 நிமிடத்தில் நாடித்துடிப்பு இறங்கத் தொடங்கும். 12 மணி நேரத்தில் ரத்தத்தில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு இயல்பு நிலைக்கு வரும். 2 முதல் 12 வாரங்களில் ரத்த ஓட்டமும் நுரையீரலின் வேலையும் சீராகும். 1 முதல் 9 மாதங்களில் இருமலும் மூச்சு வாங்குவதும் குறையும். ஒரு வருஷத்தில், மாரடைப்பு தரும் இதயநோய் அபாயம், தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிட்டால் பாதியாகிவிடும். 10 வருஷத்தில் நுரையீரல் புற்றுநோய் அபாயமும் சுமார் பாதியாகும்.

"எனக்கு 50 வயசாச்சு, இனிமே விட்டு என்ன ஆகப்போகுது?" என்று கேட்கிறீர்களா? பிரிட்டனில் ரிச்சர்ட் டால் என்ற ஆய்வாளர் 1951-ல் தொடங்கி 34,000-க்கும் மேற்பட்ட ஆண் டாக்டர்களின் உடல்நிலையை 50 வருஷம் தொடர்ந்து கவனித்தார். தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாக சுமார் 10 வருஷ ஆயுளை இழந்தார்கள். 30 வயதில் விட்டவர்கள் ஏறக்குறைய அந்த 10 வருஷத்தையும் மீட்டார்கள். 40-ல் விட்டவர்கள் 9 வருஷம், 50-ல் விட்டவர்கள் 6 வருஷம், 60-ல் விட்டவர்கள்கூட 3 வருஷம் மீட்டார்கள். எந்த வயதும் தாமதம் இல்லை.

படி 1: நாளைக் குறியுங்கள்

போனில் காலண்டரைத் திறங்கள். அடுத்த 10 நாட்களுக்குள் ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்து "கடைசி நாள்" என்று குறியுங்கள். சம்பள நாள், பிள்ளையின் பிறந்தநாள், முதல் நோன்பு, மாலை போடும் நாள் என்று எதுவாகவும் இருக்கலாம். நோன்பையோ மாலையையோ தேர்ந்தெடுத்தால் ஒரே ஒரு மாற்றம் செய்துகொள்ளுங்கள்: தொடக்க நாளைக் குறியுங்கள், முடிவு நாளைக் குறிக்காதீர்கள்.

ரமலானில் விட நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பகல் முழுவதும் விட்டுவிட்டு, நோன்பு திறந்ததில் இருந்து சஹர் வரைக்கும் ஐந்தாறு குடித்தால், உடம்பு நிகோடினை மறக்காது. நோன்பு திறந்த முதல் அரை மணி நேரம்தான் ஆபத்தான நேரம். கஞ்சி குடித்ததும் பீடி நண்பர்கள் கூடும் முனைக்குப் போகாமல், நேராகத் தொழுகைக்கோ வீட்டுக்கோ போய்விடுங்கள். முதல் மூன்று இரவுகளைத் தாண்டினால், மீதி இரவுகள் உங்கள் பக்கம்.

படி 2: உங்கள் பீடி நேரங்களை எழுதுங்கள்

குறித்த நாளுக்கு முன்பு மூன்று நாள், ஒவ்வொரு முறை பற்றவைக்கும்போதும் போனின் குறிப்புப் பகுதியில் மூன்று விஷயத்தை எழுதுங்கள்: எத்தனை மணி, எங்கே, யாரோடு. மூன்று நாள் கழித்துப் பார்த்தால் ஒரு படம் கிடைக்கும். ஒருவருக்கு அது காலையில் கழிவறை, 10 மணி டீ, மதியச் சாப்பாட்டுக்குப் பின், ஷிப்ட் முடிந்து கேட் வாசலில், இரவு மாடியில் என்று இருக்கலாம். ஐந்து இடங்கள்தான். ஊர் முழுக்க எதிரி இல்லை, இந்த ஐந்து இடங்களில் மட்டும்தான் என்று தெரிந்தாலே பயம் பாதி போய்விடும்.

ஒவ்வொரு இடத்துக்கும் முன்கூட்டியே ஒரு மாற்று எழுதிவையுங்கள். டீயை வாசலில் நின்று குடிக்காமல் உள்ளே உட்கார்ந்து குடிப்பது. சாப்பிட்டதும் கையோடு பல் துலக்குவது. கேட் வாசலில் நிற்காமல் நேராக பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பது. இன்னொன்று: புகை உடம்பில் காஃபினை வேகமாகக் கரைக்கும். புகையை நிறுத்தியதும், அதே நாலு டீ முன்பைவிடப் பலமாக வேலை செய்து படபடப்பும் தூக்கமின்மையும் தரலாம். அதனால் முதல் சில வாரங்களுக்கு டீ, காபியைப் பாதியாகக் குறையுங்கள்.

படி 3: 1800-11-2356

இந்த எண்ணை இப்போதே சேமித்துக்கொள்ளுங்கள். இது தேசிய புகையிலை நிறுத்த உதவி எண். கட்டணம் இல்லை. 2016-ல் டெல்லியில் தொடங்கியது. இப்போது பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை மையத்தின் வழியாகத் தமிழிலும் பேசலாம். காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை, திங்கட்கிழமை விடுமுறை. 2018 செப்டம்பர் 1 முதல் புகையிலைப் பொருட்களின் அட்டைகளில் எச்சரிக்கைப் படத்தோடு அச்சாகும் எண்ணும் இதுதான். தினமும் கையில் எடுக்கும் அதே அட்டையில் இருக்கிறது, பலர் படிப்பதில்லை.

அழைத்தால் என்ன நடக்கும்? எத்தனை வருஷமாக, ஒரு நாளைக்கு எத்தனை, காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பீடி, இதற்கு முன் விட முயன்றீர்களா என்று ஆலோசகர் கேட்பார். மறைக்க வேண்டாம். உங்களைத் திட்டுவதற்காக அவர் அங்கே இல்லை. நாள் குறிக்க உதவுவார். பிறகு அவர்களே உங்களைத் திரும்ப அழைத்து எப்படிப் போகிறது என்று விசாரிப்பார்கள். தெரியாத எண்ணில் இருந்து வரும் அழைப்பை எடுக்காத பழக்கம் உள்ளவர்கள், இதற்காக அந்த வாரங்களில் கொஞ்சம் கவனமாக இருங்கள். அதே சமயம் ஒரு எச்சரிக்கை: ஆலோசனைக்குப் பணம் கட்ட வேண்டாம், ஓடிபி-யோ வங்கி விவரமோ தேவையே இல்லை. யாராவது கேட்டால் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

"நானே விட்டுடுவேன், போன் எதுக்கு?" என்று தோன்றலாம். எந்த உதவியும் இல்லாமல் விடுகிறவர்களில், 6 முதல் 12 மாதம் கழித்தும் விட்டபடி இருப்பவர்கள் 100-க்கு 3 முதல் 5 பேர்தான். திரும்ப ஆரம்பிப்பவர்களில் பெரும்பாலானோர் முதல் 8 நாளுக்குள்ளேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். இது மன உறுதி இல்லாததால் நடப்பதில்லை. நிகோடின் அவ்வளவு பலமான பொருள். காய்ச்சலுக்கு டாக்டரிடம் போகிறோமே, அதைப்போலத்தான் இதுவும்.

திங்கட்கிழமை வந்து தடுமாறினால், நம் மாநில அரசின் 104 மருத்துவ உதவி எண்ணை அழையுங்கள். மனசு ரொம்பச் சோர்ந்துபோனால் டெலி-மானஸ் 14416 இருக்கிறது.

படி 4: மருந்து பற்றிக் கேளுங்கள்

நிகோடின் சூயிங்கம், தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச் ஆகியவை, புகையில் இருக்கும் மற்ற நஞ்சுகள் இல்லாமல் கொஞ்சம் நிகோடினை மட்டும் கொடுத்து அவஸ்தையைக் குறைக்கும். இவற்றைப் பயன்படுத்தியவர்கள் விட்டபடி இருக்கும் வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்கு ஆகிறது. டாக்டர் எழுதிக்கொடுத்தால் மட்டும் சாப்பிட வேண்டிய மாத்திரைகளும் உண்டு.

சூயிங்கத்தை மிட்டாய் மாதிரி மென்றால் வயிற்றைப் புரட்டும். மெதுவாக மெல்லுங்கள். காரம் தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். காரம் போனதும் மறுபடி மெல்லுங்கள். ஒரு சூயிங்கத்துக்கு அரை மணி நேரம். அதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே டீ, ஜூஸ் எதுவும் வேண்டாம். நோன்பு நாளில் பகலில் மெல்ல முடியாது. பேட்ச் போடலாமா என்பதை டாக்டரிடமும் உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதயநோய் உள்ளவர்கள், வலிப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் டாக்டரைப் பார்த்த பிறகே எதையும் தொடங்க வேண்டும். நம் பகுதிக்கு வாலாஜாபேட்டையில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. வேலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. வெளிநோயாளிச் சீட்டு போடும் இடத்திலேயே "புகையிலை நிறுத்த ஆலோசனை எங்கே கிடைக்கும்?" என்று கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சுகர் பார்க்க வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடமும் கேட்கலாம்.

ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடிக்காதீர்கள். வாயில் ஒதுக்கும் புகையிலையும் குட்கா பாக்கெட்டும் அதே நிகோடின்தான். கூடவே வாய்ப் புற்றுநோய் அபாயம். இ-சிகரெட் விற்பது 2019 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது.

முதல் எட்டு நாட்கள்

முந்தின ராத்திரியே கட்டு, தீப்பெட்டி, லைட்டர் எல்லாவற்றையும் வெளியே போடுங்கள். "அவசரத்துக்கு ஒன்னு இருக்கட்டும்" என்று பரணில் வைக்காதீர்கள்.

ஏக்கம் வரும்போது அது விடாமல் ஏறிக்கொண்டே போகும் என்று தோன்றும். போகாது. ஒவ்வொரு அலையும் சில நிமிடங்களில் இறங்கிவிடும். போனில் 5 நிமிட டைமர் வைத்துவிட்டு நாலு வேலை செய்யுங்கள்: தள்ளிப் போடுங்கள், ஆழமாக மூச்சு விடுங்கள், தண்ணீரை மெதுவாகக் குடியுங்கள், இடத்தை மாற்றுங்கள். டைமர் அடிக்கும்போது அலை இறங்கியிருப்பதை நீங்களே பார்ப்பீர்கள். இரண்டு நாள் இப்படிப் பார்த்துவிட்டால், அதன் மேல் இருந்த பயம் போய்விடும்.

சிலருக்கு முதல் வாரங்களில் இருமலும் சளியும் கூடும். முடங்கியிருந்த மயிரிழைகள் திரும்ப வேலை செய்வதன் அடையாளம் அது. பசி கூடும். புகையை விட்டவர்களுக்கு முதல் வருஷத்தில் சராசரியாக 4 முதல் 5 கிலோ எடை கூடுகிறது. பகோடா, பிஸ்கட்டுக்குப் பதில் வறுகடலை, வெள்ளரி, கொய்யாவைப் பையில் வையுங்கள். சாயங்காலம் அரை மணி நேரம் நடந்தால் எடையும் கட்டுப்படும், மனசும் லேசாகும்.

காசையும் கண்ணால் பாருங்கள். நாளுக்கு 60 ரூபாய் சிகரெட்டுக்குச் செலவழிப்பவருக்கு மாதம் 1,800 ரூபாய், வருஷம் 21,900 ரூபாய். நாளுக்கு 20 ரூபாய் பீடிக்குக் கொடுப்பவருக்கும் வருஷம் 7,300 ரூபாய். அன்றாடம் அந்தத் தொகையை ஒரு தனி டப்பாவிலோ தனிக் கணக்கிலோ போட்டுவையுங்கள்.

"பாய், ஒன்னே ஒன்னு எடுங்க"

இனிதான் இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதி. மூன்று மாதம் போய்விட்டது. ஏக்கம் இல்லை. இருமல் இல்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. ஒரு கல்யாண வீட்டில் பழைய கூட்டாளி கட்டை நீட்டுகிறார். "பாய், மூணு மாசமா தொடலைன்னு கேள்விப்பட்டேன். அதான் விட்டாச்சே, இன்னைக்கு ஒன்னே ஒன்னு எடுங்க, என்ன ஆகிடும்?"

அவர் உங்களுக்குக் கெடுதல் நினைப்பவர் இல்லை. ஆனால் உங்கள் மூளை அந்தப் பழைய பாதையை மறக்கவில்லை; புல் முளைத்துக் கிடக்கிறது, அவ்வளவுதான். ஒரு முறை நடந்தால் திரும்பத் தடம் விழும். இன்றைக்கு ஒன்று, அடுத்த கல்யாணத்துக்கு இரண்டு, பிறகு "வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்", பிறகு கேட் வாசலில் பழைய இடம். முழுசாக விட்ட பிறகு "எப்போவாவது ஒன்று" என்று கட்டுப்பாடாக வைத்துக்கொள்ள முடிந்தவர்கள் மிகக் குறைவு. அதனால் விதி ஒன்றே ஒன்றுதான்: ஒரு இழுப்புகூட இல்லை.

அந்த நேரத்துக்கு ஒரு பதிலை முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "நிறுத்தியிருக்கேன்" என்று சொல்லாதீர்கள். அது கெடு உள்ள பேச்சு. "நான் குடிக்கிறதில்லைண்ணே" என்று சொல்லுங்கள். முதலில் சொன்னால் "எப்போ வரைக்கும்?" என்று கேட்பார்கள். இரண்டாவதற்கு அடுத்த கேள்வியே வராது.

சந்தோஷமான நாட்களில் மட்டும் இல்லை, துக்க நாளிலும் சண்டை நாளிலும் வேலை போகும் நாளிலும் இந்த அழைப்பு வரும். தோல் தொழிலில் ஆர்டர் குறைந்து வேலை இல்லாத வாரங்கள் வருவது நமக்குப் புதிது இல்லை. அந்த வாரத்தில் பற்றவைத்தால் பிரச்சினை தீராது; செலவுதான் ஒன்று கூடும். அப்போதும் 1800-11-2356 திறந்தேதான் இருக்கும். விட்டவர்களும் அழைக்கலாம்.

சறுக்கிவிட்டால்?

மீறி ஒன்று குடித்துவிட்டீர்கள் என்றால், "எல்லாம் போச்சு" என்று கட்டை வாங்காதீர்கள். மிச்சத்தை அங்கேயே அணையுங்கள். எங்கே, யாரோடு, எதனால் என்று எழுதுங்கள். அன்றைக்கே ஆலோசகரை அழையுங்கள். நிரந்தரமாக விட்டவர்களில் பலர் முதல் முயற்சியில் விட்டவர்கள் இல்லை. ஒவ்வொரு முயற்சியும் எந்த முனையில் விழுந்தோம் என்று காட்டிக்கொடுக்கும். அடுத்த முறை அந்த முனையை அடைத்துவிட்டுத் தொடங்கலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் கம்பெனியில் இருப்பவர்களுக்கும்

வீட்டில் இருப்பவர்களே, முதல் இரண்டு வாரம் அவர் எரிந்து விழலாம். "இதுக்கு நீ பீடியே குடிச்சிருக்கலாம்" என்ற வார்த்தையை மட்டும் சொல்லிவிடாதீர்கள். "இன்னைக்கு எத்தனையாவது நாள்?" என்று கேளுங்கள். அவர் எண்ணிக்கொண்டுதான் இருப்பார்.

கம்பெனி மேஸ்திரிகளுக்கும் மேலாளர்களுக்கும் ஒரு வார்த்தை. பணியிடம், பஸ் நிலையம், உணவகம் உட்படப் பொது இடங்களில் புகைப்பது 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் தடை; மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். இந்த விதி வந்தபோது மத்திய சுகாதார அமைச்சராக இருந்தவர் நம் மாநிலத்தைச் சேர்ந்த மருத்துவர் அன்புமணி ராமதாஸ். பசையும் தின்னரும் இருக்கும் இடத்தில் தீ அபாயம் வேறு. தடைப் பலகையோடு நிறுத்திவிடாமல், அதன் கீழே 1800-11-2356 என்ற எண்ணையும் பெரிதாக எழுதி வையுங்கள். விடுகிறவர் கேட் வாசலுக்குப் போகாமல் உட்கார உள்ளே ஒரு பெஞ்ச் கொடுங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியவை

1. 1800-11-2356 எண்ணைப் போனில் சேமியுங்கள்.
2. அடுத்த 10 நாட்களுக்குள் ஒரு தேதியைக் குறியுங்கள். முடிவுத் தேதி வேண்டாம்.
3. இன்று முதல் பீடி நேரங்களை எழுதுங்கள்.
4. வீட்டில் ஒருவரிடம், வேலையில் ஒருவரிடம் தேதியைச் சொல்லுங்கள்.
5. 2 வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனைக்குப் போங்கள்.

பெருநாள் பிறை தெரிந்த ராத்திரி, மேல்விஷாரம் கடைத்தெருவில் கூட்டம் நிறைந்திருக்கும். நோன்பு முடிந்துவிட்டது. யாரோ ஒருவர் தீப்பெட்டியை எடுப்பார். "நான் குடிக்கிறதில்லைண்ணே" என்று சொல்லிவிட்டு, பிள்ளைக்குப் புதுச் செருப்பு வாங்க நடந்துவிடுங்கள். அடுத்த ரமலானில், நோன்பு திறக்கும் நேரத்தில் உங்கள் மனசில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் மட்டும்தான் இருக்கும்.